ரீசனுக்கும் ஒர்க்குக்கும் பொருந்தாத சம்பந்தம்

அன்பும் பாசமும் நிறைந்த முனீரா லாத்தாவுக்கு, சிங்கப்பூர் தேக்காவிலிருந்து தம்பி நாகூர் கனி சலாம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் ஜைனபும் நோய் நொடியின்றி இருக்கிறோம். அங்கு மச்சான், குழந்தை குட்டிகள், அக்கம் பக்கத்தார் அனைவரின் சுகத்துக்கும் துஆ செய்கிறோம்.

நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, இரண்டு வாரமாக எனக்கு நிற்க நேரமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் டிப்ளோமா படிக்கக் கிளம்பிய கதையைச் சொன்னேன் அல்லவா? அது இருந்தால் கிடங்கு மேனேஜர் வேலை உனக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். படிப்பில் சேர ஒரே ஒரு ஆங்கிலக் கட்டுரையில் தேறவேண்டும். தலைப்பு, கடை வாடகை ஏறினால் என்ன ஆகும் என்பது. தேக்காவில் இதைப் பற்றி என்னைவிட அதிகம் புலம்பியவன் யார்? தமிழில் புலம்பி இங்கிலீஷில் எழுதினேன், வந்தது வினை. நமக்கு ஒரு சொல்லைத் தனியாக விட மனசு வராது இல்லையா, லாத்தா? ஊரில் ஒரு குமர் சும்மா இருந்தால் நீங்கள் சம்பந்தம் பேசக் கிளம்புகிற மாதிரி, சட்டி என்றால் பானையைச் சேர்த்தால்தான் நமக்குத் தூக்கம் வரும். அப்படியே ‘காரண காரிய’த்தை ‘ரீசன் அண்ட் ஒர்க்’ என்று கட்டிவைத்தேன். கடைக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு தவிப்பதை ‘சில்ட்ரன் அண்ட் கிட்டன்ஸ்’ என்று உருக்கமாக எழுதினேன்.

அதற்கான பயிற்சி வகுப்பு ஆசிரியை மயூரா, யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்த பெண். தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

“அங்கிள், வீவக அடுக்குமாடி வீட்ல பூனை வளக்க இப்பத்தான் விட்டிருக்காங்க. அதுக்குள்ள எல்லாக் கடைக்காரர் வீட்லயும் குட்டி போட்டுடுச்சா?”

வகுப்பே சிரித்தது.

“சரி, ரீசனுக்கு எதுக்கு ஒர்க்கைக் கட்டி வச்சீங்க?”

“காரண காரியம்மா.”

“அது காஸ் அண்ட் எஃபெக்ட். அவங்களுக்கு எப்பவோ கல்யாணம் ஆயிடுச்சு. சப்ளையும் டிமாண்டோட நல்லாத்தான் குடும்பம் நடத்துது, நீங்க ஏன் ‘தேவை’ன்னு ‘நீட்’ட ரெண்டாந்தாரமா கொண்டாறீங்க? புதுசா பொண்ணு பாக்க வேணாம் லா. வெள்ளிக்கிழமை திருத்திக் குடுங்க. அதான் கடைசி சான்ஸ்.”

வீட்டில் சொன்னேன். ஜைனப் என்னை மேலும் கீழும் பார்த்து, “எம்பக்கத்துல நீங்க நிக்கிறதப் பாத்தாலே தெரியுமே, ஜோடிப் பொருத்தத்துக்கும் நமக்கும் ஆகாதுன்னு” என்றாள்.

ரோஷம் வந்தது. வேலைக்குத் தஞ்சோங் பகார் போகிற ரயிலில் தினமும் ஆங்கிலப் பத்திரிகையைப் பிரித்து, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சுற்றுகிறது என்று நோட்டம் விட்டேன். ஊர்வம்பில் பழகிய கண் வீண்போகுமா? ‘டைம்’ எங்கே போனாலும் பின்னாலேயே ‘எஃபர்ட்’, ‘ரோல்ஸ்’ தலை தெரிந்தால் கூடவே ‘ரெஸ்பான்சிபிலிட்டீஸ்’. எல்லாம் கையும் களவுமாகப் பிடிபட்டன! பூனைகளைத் துரத்தினேன், ஒர்க்கைத் தாய்வீட்டுக்கு அனுப்பினேன், வெள்ளிக்கிழமை கொடுத்தும்விட்டேன். இனி என் இங்கிலீஷில் தமிழ் வாடை துளியும் வீசாது என்று மார்தட்டிச் சொல்கிறேன். இருந்தாலும், முடிவு வரும்வரை துஆவில் என்னை மறந்துவிடாதீர்கள்.

மச்சானுக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், எனக்குக் கொஞ்சம் இலக்கணமும் தருவானாக.

உங்கள் தம்பி,
நாகூர் கனி

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. அடியில் மயூராவுக்கு நன்றி சொல்லி, உதவி ஒத்தாசைக்கு என்று நினைத்து, ‘தேங்க் யூ ஃபார் யுவர் ஹெல்ப் அண்ட் ஹெல்ப்’ என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டம். பக்கத்தில் தமிழில்: “இந்த ஜோடியப் பிரிக்க எனக்கு மனசு வரல, அங்கிள். பாஸ்.”