இரண்டு டிகிரி சாய்வு குறித்துத் தம்பி ஜோன்ஸுக்கு

சங்கரன்கோவில்

பாசமுள்ள தம்பி ஜோன்ஸுக்கு அக்காள் இன்பம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் நலம். நேற்று இங்கே மழையும் மின்சாரமும் ஒருசேர இருந்தன என்பதை ஆச்சரியத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரி ஷெர்லிக்கு என் ஸ்தோத்திரம்.

நிற்க. உங்கள் சிறு விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று விமானிக்குக் காட்டும் எலக்ட்ரானிக் கருவி, நேராகப் பறக்கும்போதும் இடப்பக்கம் இரண்டு டிகிரி சாய்ந்திருப்பதாகப் பொய்யுரைப்பதையும், நீ மாற்றிய புதுக் கருவியும் அதே பொய்யை உரைப்பதையும், வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் விமானத்துக்குக் கையெழுத்திடும் உரிமையை உன் தலைமைப் பொறியாளர் பறித்துவிடுவார் என்பதையும் போனில் அழாத குறையாகச் சொன்னாய். நீ விமானப் பராமரிப்பைக் கல்லூரியில் படித்தவன். நான் பூச்சந்தை வாசலில் எலக்ட்ரானிக் தராசுகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவள். ஆயினும் இரண்டு தராசுகள் ஒரே அளவில் பொய் சொன்னால் நான் தராசைத் திறப்பதில்லை. அது நிற்கும் இடத்தைத்தான் பார்ப்பேன்.

இதனை ஐயமற நிறுவும்பொருட்டு, சாய்வு காட்டும் செயலியொன்றை என் கைப்பேசியில் இறக்கி, என் கடை முன் நின்ற சதாமின் லோடு ஆட்டோவில் அதை ரப்பர் பேண்டால் கட்டி, "இதுவே சமநிலை" என்று பூஜ்யப் பொத்தானை அழுத்தி, மேலநீலிதநல்லூர்க் கல்யாண வீட்டுக்கு மாலைகளோடு பின்னால் அமர்ந்திருந்த பாலம்மாள் அக்காளின் சம்மதம் கேளாமலேயே நானும் ஏறிக்கொண்டேன். நேரான சாலையிலும் செயலியின் படம் வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. சதாம், "யக்கா, ரோடு நேராத்தான் கிடக்கு, வண்டியும் நேராத்தான் போவுது. உங்க போன வேணா ஆஸ்பத்திரில காட்டுங்க" என்றான். நான் வண்டியைக் கடைக்கே திருப்பச் செய்தேன். பாலம்மாள் அக்காள், "ஏட்டி, முகூர்த்தத்துக்கு முக்கா மணி நேரந்தான் கிடக்கு. நீ வானத்த அளக்கியாக்கும்?" என்று மாலைக்கூடையை மடியில் அணைத்துக்கொண்டாள். திரும்பிவந்து பார்த்தால், நான் பொத்தானை அழுத்தியபோது ஆட்டோவின் இடச்சக்கரம் வாறுகால் சாக்கடைப் பள்ளத்தில் இறங்கி நின்றிருக்கிறது. சமதரையில் நிறுத்தி மறுபடி அழுத்தினேன், படம் நிமிர்ந்தது. மாலையும் வேளைக்கு மாப்பிள்ளை கழுத்தில் விழுந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

கோணலாக நிற்கும் வண்டியிடம் "நீ நேராக நிற்கிறாய்" என்று சொல்லிக்கொடுத்தால், அது நேராகப் போகையில் கோணல் என்றுதானே சொல்லும்? கருவிக்கு நீ பூஜ்யம் பதித்தது விமானம் நிறுத்தும் கொட்டகையில்தானே? மழைத்தண்ணீர் ஓட மேஸ்திரி தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார். அதுவும் வலப்பக்கம் என்று இங்கிருந்தே உறுதிபடக் கூறுகிறேன். கொத்தனாரின் டியூபில் தண்ணீர் நிரப்பி, அதன் இரு நுனிகளையும் இரு இறக்கை முனைகளிலும் பிடித்து, தண்ணீர் மட்டம் ஒன்றுதானா என்று பார். தாழ்ந்த சக்கரத்துக்குப் பலகை கொடுத்துச் சமமாக்கு. அதன்பின் பூஜ்யம் பதி.

நீ கையெழுத்திடும் விமானங்கள் யாவும் ஏறியவர்களைப் பத்திரமாக இறக்கிவிட ஜெபிக்கும்,

அன்பு அக்காள்
இன்பம்

பி.கு.: உறையை ஒட்டப் பசையைத் தொட்டபோது நீ அழைத்து, "யக்கா, நேத்தே கண்டுபிடிச்சிட்டேன். கொட்டகைத் தரை வலப்பக்கம் வாட்டம். இன்னைக்குப் பறந்து பாத்தாச்சு, கோடு நேரா நிக்குது. சார் என்னையவே கையெழுத்துப் போடச் சொல்லிட்டாவ" என்றாய். மட்டற்ற மகிழ்ச்சி. எனவே இக்கடிதத்துக்கு இனி வேலையில்லை, எனினும் அனுப்புகிறேன். மேலே தேதி எழுதாமல் விட்டிருக்கிறேன். நீ கண்டுபிடித்ததற்கு இரண்டு நாள் முந்திய தேதியை உன் கையாலேயே போட்டு, உன் சாருக்குப் படித்துக்காட்டவும். அதற்குமுன் இந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துவிடவும்.