ஏழாம் வாயிலில் ஒரு சாட்சிக் கையெழுத்து

உலகத்திலிருந்து தாமதம் என்ற ஒன்றையே அடியோடு ஒழித்த பெருமை பெலேம் நகரத்து நீலக்கொக்கு விமானக் கம்பெனிக்கே உரியது. மற்ற கம்பெனிகள் விமானத்தை நேரத்துக்குக் கிளப்பி அதைச் சாதிக்கப் பார்த்தன. நீலக்கொக்கு அவ்வளவு சிரமப்படவில்லை. ‘தாமதம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘கூடுதல் உபசரிப்பு நேரம்’ என்று போட்டது. தீர்ந்தது.

அந்த உபசரிப்பை நாள் முழுக்க அனுபவிக்கும் பாக்கியம் தல்வானிக்குக் கிடைத்தது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்துவது அவள் வேலை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவளுடைய ஊரான சாந்தரேமில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வால்மிரும், கல்யாணத்தை நடத்திவைக்க வேண்டிய பாஸ்டர் ஓசேயாஸும் அவளோடு அதே விமானத்தில்தான் போக வேண்டும். அங்கே அவளுடைய அப்பா அப்தியாஸ், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, கஞ்சி போட்ட சட்டையோடு தேவாலயத்தின் முதல் வரிசையில் காலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விமானம் ஒன்பது பத்துக்கு. பன்னிரண்டு மணிக்கும் அது அசையவில்லை.

இரண்டு மணி நேரம் தாண்டினால் சாப்பாடு, நாலு மணி நேரம் தாண்டினால் வேறு விமானம் அல்லது தங்க இடம் என்பது சட்டம். நீலக்கொக்கு சட்டத்துக்கு மிகவும் பயந்த கம்பெனி. ஆகவே சாப்பாடாக ஆளுக்கு இரண்டு உப்பு பிஸ்கட் வழங்கியது. மூன்று மணி ஐம்பது நிமிடம் ஆனதும் நூற்றுப் பன்னிரண்டு பேரையும் விமானத்தில் ஏற்றியது. பெல்ட் போடச் சொன்னது. அவசர வழிகளைக் காட்டியது. பிறகு எல்லோரையும் பத்திரமாக இறக்கி, அதே ஏழாம் வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

தல்வானி நேரே பயணி மகிழ்ச்சி அதிகாரி ஜெனேசியோவிடம் போனாள்.

“சார், எவ்வளவு நேரம் லேட்டுன்னு எழுதிக் குடுங்க. கேட்டா குடுக்கணும்னு சட்டம் இருக்கு.”

“எதும்மா லேட்டு? இப்பத்தானே ஏறினீங்க!”

“ஏறினோம். இறக்கிட்டீங்களே!”

“இறங்கிட்டீங்கன்னா பயணம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். பயணம் இனிமையா இருந்துச்சா?”

“கிளம்பின இடத்துலயே நிக்கிறோம் சார்!”

“போக வர ரெண்டு பயணம். ஒரு டிக்கெட்லயே முடிச்சுக் குடுத்திருக்கோம்” என்றார் ஜெனேசியோ. அவர் முகத்தில் பெருந்தன்மை வழிந்தது. “கடிகாரம் இப்ப புதுசா ஆரம்பிக்குது. அடுத்த ஏற்றம் நாலு ஐம்பதுக்கு.”

நாலு மணிக்கு அப்பா போனில் வந்தார். “கண்ணு, வாத்துக் குழம்பை ரெண்டு தடவை சூடு பண்ணியாச்சு. மூணாவது தடவை பண்ண ஒண்ணுமில்ல, உன் சித்தப்பன் முடிச்சிட்டான். பாஸ்டர் விடிஞ்சா படகுல மேலாத்துப் பக்கம் போயிடுவாராமே. திரும்பி வர ஒண்ணரை மாசமாம். அங்கேயே கட்டிக்கோ.”

“நீங்க இல்லாமயாப்பா?”

“போன்ல இருக்கேன்ல. காலை வேற தூக்க வேண்டாம்.”

விஷயம் பரவியதும் ஏழாம் வாயில் கல்யாண வீடாகிவிட்டது. கல்யாண கவுன், நகை, பூ எல்லாம் விமானத்தின் வயிற்றில் போன பெட்டிகளில் மாட்டியிருந்தன. விமானப் போர்வையே மணப்பெண்ணின் முக்காடு ஆயிற்று. ஒரு பல் டாக்டர் பிஸ்கட்டுகளை அடுக்கிக் கேக் கட்டினார். மூன்று தாதிகள் வரிசையாக நின்று பாடினார்கள். ஒலிபெருக்கி இடையிடையே ‘டிங் டாங்’ என்று தாளம் தந்தது.

“சீக்கிரம் பாஸ்டர், பத்து நிமிஷத்துல மறுபடி ஏத்தி இறக்குவாங்க!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

பாஸ்டர் பதிவேட்டைத் திறந்தார். அதைப் பார்த்ததும் தல்வானியின் கண் பளிச்சிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜெனேசியோவிடம் போனாள்.

“சார், காலையிலேர்ந்து எங்களைக் கவனிச்சுக்கிட்டது நீங்கதான். சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்.”

ஏழு வருட வேலையில் எந்தப் பயணியும் அவரை எதற்கும் அழைத்ததில்லை, திட்டுவதற்குத் தவிர. அவர் கண் கலங்கிவிட்டது. கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“முத்திரையும் குத்திடுங்க சார். எங்க ஆபீஸ்ல முத்திரை இல்லாத கையெழுத்து செல்லாது.”

அதையும் குத்தினார்.

“வால்மிரைக் கணவனாக ஏற்கிறாயா?” என்று பாஸ்டர் கேட்ட அதே நொடியில் கம்பெனியின் இலவச இணைய வசதி முடிந்துபோனது. போன் திரையில் அப்பா வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். தல்வானி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் “ஏற்கிறேன்” என்றாள்.

மூன்று வாரம் கழித்து, விமான நிலையத்திலேயே இயங்கும் சிறு வழக்கு மன்றத்தில் அவளுடைய நஷ்டஈட்டு மனு விசாரணைக்கு வந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்து பெண் நீதிபதியைப் பார்த்தார். “அம்மா, அன்னைக்கு எந்த உபசரிப்பு நேரமும் நாலு மணி நேரத்தைத் தாண்டலை. மேலும் இந்தப் போட்டோவைப் பாருங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. மண்டபம், சாப்பாடு, விருந்தாளிங்க எல்லாமே எங்க கம்பெனி குடுத்தது. மண்டப வாடகை கேக்காதது எங்க பெருந்தன்மை.”

“விமானம் ஏன் கிளம்பல?” என்றார் நீதிபதி.

சாட்சிக் கூண்டில் நின்ற ஜெனேசியோ தொண்டையைச் செருமினார். “பைலட் வரலைங்கம்மா. இன்னொரு விமானத்துல பயணியா வந்துக்கிட்டிருந்தாரு. அது லேட்டு.”

“அது யாரோட விமானம்?”

“எங்களோடதுதான்.”

நீதிபதி சிரிப்பை அடக்க ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு தல்வானி பக்கம் திரும்பினார். “உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?”

“இந்தப் போட்டோவுல நூத்துப் பன்னெண்டு பேர் இருக்காங்கம்மா. எங்கப்பா எங்கன்னு கம்பெனியைக் காட்டச் சொல்லுங்க. நான் சரின்னு சொன்னேனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் அவரு கேட்டுக்கிட்டிருக்காரு.”

வக்கீல் போட்டோவை மெல்லத் திருப்பிவைத்தார். தல்வானி பதிவேட்டின் நகலை நீட்டினாள். இடம்: பெலேம் விமான நிலையம், ஏழாம் வாயில். நேரம்: மாலை நாலு நாற்பது. இடம் மாறிய காரணம்: காலை ஒன்பது பத்து விமானம் இன்னும் புறப்படவில்லை. கீழே ஜெனேசியோவின் கையெழுத்து. அதன்மேல் நீலக்கொக்கின் வட்ட முத்திரை.

தீர்ப்பு அவள் பக்கமே வந்தது.

வெளியே வந்ததும் ஜெனேசியோ அவளை மறித்தார். “அன்னைக்கு நிஜமாவே சந்தோஷமா கையெழுத்துப் போட்டேம்மா. அது வெறும் ஏமாத்து வேலைதானா?”

“சத்தியமா இல்ல சார்” என்றாள் தல்வானி. “உங்க கம்பெனி முத்திரையோட வெளியில வந்த காகிதத்துல பொய் இல்லாதது அது ஒண்ணுதான்.”