வெறும் வயிறு

காலை ஏழரை மணிக்கு வெறும் வயிற்றோடு மருத்துவமனைக்குக் கிளம்பிய கூபான், பக்கத்து வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டார். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியோடு ஜிபர் வழியை மறித்து நின்றாள்.

"ஒரு வாய் வெச்சிட்டுப் போங்கண்ணே."

"இன்னிக்கு ரத்தம் குடுக்கணும்மா. எதுவும் சாப்பிடக் கூடாது."

"இது சாப்பாடா? ரொட்டிண்ணே! இதைத் தாண்டியா போவீங்க?"

நாரின் என்ற அந்த மலையூரில் சூடான ரொட்டியை மதிக்காமல் தாண்டிப் போனவர் யாருமில்லை. போனால் பயணம் விளங்காது என்பார்கள். பனிக் கணவாயில் பஸ் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது விளையாட்டுப் பேச்சில்லை. கூபான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு கடித்தார்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள் நர்ஸ் நாஸ்குல், ஊசியைக் கையில் பிடித்தபடி.

ரொட்டியைத் தின்றுவிட்டு இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். "ஒரே ஒரு வாய்."

"நாளைக்கு வாங்க."

நாளைக்கு என்பது நாஸ்குலுக்குச் சாதாரணச் சொல். கூபானுக்கு அப்படியில்லை. அவருக்கு ஐம்பத்தொரு வயது. அண்ணன் இஷேன் போன இலையுதிர் காலத்தில் ஸ்டியரிங் மீதே சாய்ந்து செத்துப்போனபோது ஐம்பத்திரண்டு. அதே குடும்பம், அதே வேலை, அதே தொப்பை. கூபானின் இடுப்பை அளந்த டாக்டரம்மா, நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டு, "உங்க உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்கலையோன்னு சந்தேகமா இருக்கு. சர்க்கரை, இன்சுலின், ரத்தக் கொழுப்பு மூணையும் வெறும் வயித்துல பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றிருந்தார். கையெழுத்து இல்லாவிட்டால் பஸ் இல்லை. அன்றிலிருந்து கூபான் பாதி செத்தவராகவே நடமாடினார். மாட்டி வைக்கத் தன்னுடைய எந்தப் படம் நன்றாக இருக்கும் என்றுகூட மனைவியிடம் கேட்டுவிட்டார்.

"தொப்பி போட்டது" என்றாள் சோனுன், தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

சோனுன் குச்சி மாதிரி இருப்பாள். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தபடியே கண் சொக்கிவிடும். "தூங்குறதுக்குன்னே பொறந்தவ" என்பார் கூபான். கழுத்துப் பின்புறம் கறுத்திருப்பதைப் பார்த்து, "சோப்பு வாங்கித் தரட்டா?" என்றும் கேட்பார். அவள் சிரித்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

மறுநாள் கூபான் ஒரு தந்திரம் செய்தார். ஜிபரின் ரொட்டியைக் கடிப்பதுபோல் பாவனை செய்து, கோட்டுப் பைக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நாஸ்குல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மீசையில என்னண்ணே?"

மீசையில் ரொட்டித் தூள். சத்தியம் செய்தும் பலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பையிலிருந்த ரொட்டியை மேசைமேல் எறிந்தார். சோனுன் பதறிப்போய் அதை எடுத்து நெற்றியில் ஒற்றினாள்.

"ரொட்டியை எறியலாமா? குடுங்க, நான் தின்னுடறேன்."

இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் மிஞ்சியதெல்லாம் போன இடம் அவள் வயிறுதான். பிள்ளைகள் கடித்துப்போட்டது, விருந்தாளிகள் பிய்த்துப்போட்டது, கூபான் கோபத்தில் தள்ளிவிட்டது எல்லாமே.

மூன்றாம் நாள் கூபான் ஒரு பெரிய பொய்யைச் சொன்னார். "நான் நோன்பு வெச்சிருக்கேம்மா."

ஜிபரின் கண் நிறைந்துவிட்டது. "நோன்பு மாசம்கூட இல்லையே! அண்ணனுக்காகவா?"

தலையசைத்துத் தொலைத்தார். ஆனால் அவள் அவரைச் சும்மா விடவில்லை. பள்ளிவாசல் பெரியவரிடம் நேராக இழுத்துப்போனாள். அவர் கூபானின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதார். இரத்தம் எடுக்கும் நேரம் போயே போய்விட்டது. சாயங்காலம் அவர் நோன்பு திறக்கத் தெருவே தட்டுகளோடு வந்தது. எண்ணெயில் பொரித்த போர்சோக், கறி வைத்துச் சுட்ட சம்சா, பாலேடு தடவிச் சுட்ட அடுக்கடுக்கான பரோட்டா, கிண்ணம் கிண்ணமாகப் பழ ஜாம்.

"ஒண்ணையும் தொட மாட்டேன். நாளைக்கு விடிஞ்சா ரத்தம்" என்று கூபான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அத்தனையும் மாவுப் பண்டம். தூக்கிப் போடவா முடியும்?" என்று சோனுன் தட்டுகளைத் தன் பக்கம் இழுத்தாள்.

நாலாம் நாள் அவளே துணைக்கு வந்தாள். ஜிபரின் ரொட்டிக்குப் பதில் சொல்லி அவரைத் தாண்ட வைத்ததும் அவள்தான். இரத்தம் எடுத்து முடித்த நாஸ்குல், "அக்கா, நீங்களும் வெறும் வயிறுதானே? கையை நீட்டுங்க, ஒரு வேலையா முடிஞ்சிடும்" என்றாள். கூபான் பஞ்சை அழுத்திக்கொண்டு, தன் இரத்தம் ரொம்பக் கறுப்பாக இருக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அறையில் இருந்த ஒற்றை நாற்காலியில் கூபான் பொத்தென்று விழுந்தார். சோனுன் பின்னால் நின்றாள். டாக்டரம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்சுலின் மூணு மடங்கு இருக்கு. சர்க்கரையும் கூட. ரத்தத்துல கொழுப்பு ஏகப்பட்டது. இதயம் எப்படித் தாங்கிச்சுன்னே தெரியல. இன்னிக்கே வார்டுல சேர்க்கணும்."

கூபானுக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. "எனக்குத் தெரியும் டாக்டரம்மா! அண்ணன் கூப்பிடுறான்!"

"ஒரு நிமிஷம், நான் சொல்றதை..."

"வேணாம், என்னைத் தேத்தாதீங்க. பஸ் சாவியை டிப்போவுல குடுத்துடறேன். சோனுன், நீ அழாதே. தொப்பி போட்ட படத்தையே மாட்டு. நான் போனப்புறம் நேரத்துக்குச் சாப்பிடு."

சோனுன் அழவில்லை. அவர் தோளில் கையை ஊன்றி நின்றிருந்தாள். அந்தக் கையின் பாரம் கூடிக்கொண்டே போனது. தன்னைத் தேற்றத்தான் அழுத்துகிறாள் என்று நினைத்து, கூபான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு தாளோடு உள்ளே வந்த நாஸ்குல் அதை அவர் மடியில் வைத்தாள்.

"இதுதான் உங்களோடது. உங்களுக்குத் தொப்பை மட்டும்தாண்ணே, கொஞ்சம் எந்திரிங்க... அக்கா உட்காரட்டும்."