டாக்டருக்கு ஃபெயில் போட்ட நோயாளி

எனக்கு வைத்தியம் தெரியாது. தலைவலித் தைலத்தை நெற்றியில் தடவுவதா பொட்டில் தடவுவதா என்பதைக்கூட வீட்டில் கேட்டுத்தான் செய்வேன். ஆனால் ஒரு காலத்தில் பெங்களூரில் நான் ஃபெயில் போட்ட டாக்டர்களை ஒன்று சேர்த்தால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியே நடத்தியிருக்கலாம். எம்.பி.பி.எஸ்., எம்.டி., இருபது வருஷ அனுபவம் என்று யாராக இருந்தாலும் சரி, பி.காம்.மில் மூன்றாம் வகுப்பில் தேறிய நான் சிவப்புப் பேனாவைத் திறந்தால் கொஞ்சம் நடுங்குவார்கள். (நடுங்கினார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.)

விஷயம் இதுதான். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் இங்கிலாந்துக்குக் கிளம்பிய டாக்டர்கள் ஏராளம். இங்கே ஊரையே குணப்படுத்தியிருந்தாலும் அங்கே மறுபடி ஒரு பரீட்சை எழுதித்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தப் பரீட்சையில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நோயாளியாக நடிப்பார். டாக்டர் உள்ளே போய், பேசி, தொட்டுப் பார்த்து, ஐந்தே நிமிடத்தில் முடிக்க வேண்டும். மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும்.

இதற்குப் பயிற்சி கொடுக்க ஜெயநகரில் ஒரு பேக்கரிக்கு மேலே டாக்டர் நாகராஜ் ஒரு டியூஷன் சென்டர் நடத்தினார். பிளைவுட்டால் தடுத்த ஆறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், வாசலில் மேஜை மேல் ஒரு பித்தளை மணி. நோயாளியாக நடிக்க ஆள் தேடினார். மர்பி டவுனில் எங்கள் தெரு நாடகங்களில் நான் சாகும் காட்சிகளுக்குப் பேர் போனவன். குண்டடி பட்ட பிறகும் இரண்டு பக்க வசனம் பேசிவிட்டுத்தான் சாவேன். உடனே வேலை கிடைத்தது.

நிஜப் பரீட்சையில் நோயாளியாக நடிப்பவரும் மார்க் போடுவாராம். அதனால் நாகராஜ் சார் எங்கள் கையிலும் ஒரு மார்க் தாளைக் கொடுத்தார். அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொட்டால் ஒரு மார்க். பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் ஒரு மார்க். இங்கிலீஷை விட்டு இறங்கினால் பூஜ்யம். இரண்டாவது வாரத்திலிருந்து எல்லா டாக்டர்களும் என்னை "சார்" என்று கூப்பிடும்படி பார்த்துக்கொண்டேன்.

கூப்பிடாத ஒரே ஆள் டாக்டர் மரகதம். நாற்பது வயதிருக்கும். பொம்மனஹள்ளியில் ஃபாக்டரி ஆட்களுக்காகப் பதினைந்து வருஷமாகக் கிளினிக் நடத்தி வந்தவர். என்னைத் "தம்பி" என்பார். (அதற்கும் நான் ஒரு மார்க் குறைத்திருக்கிறேன். சொல்லவே கூசுகிறது.)

அவருடைய நோய் ஒன்றே ஒன்று. மணி அடித்தால் எழுந்திருக்க மாட்டார். "இருங்க, இவருக்கு இன்னும் வலிக்குதே" என்று உட்கார்ந்திருப்பார். ஏற்கெனவே ஒருமுறை இங்கிலாந்து போய் எழுதி, இதனாலேயே தோற்றுத் திரும்பியிருந்தார். கணவரும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

"என் பொண்ணு போன்ல கேக்கறா, அம்மா, நீ அங்க டாக்டர், இங்க வந்தா யாருன்னு. இந்தத் தடவையும் போச்சுன்னா, கிளினிக்கை மூடிட்டு அங்க போய் வீட்ல உக்காந்துட வேண்டியதுதான் தம்பி. மூணாவது தடவைக்கு எங்கிட்ட தெம்பு இல்ல."

"அப்ப மணி அடிச்சா எழுந்திருங்க மேடம். அவ்ளோதான்," என்றேன், ஏதோ இங்கிலாந்தே என் பேச்சைக் கேட்டுத்தான் நடக்கிற மாதிரி.

என் நடிப்பில் இன்னொரு அயிட்டமும் சேர்ந்திருந்தது. ஒருநாள் மூடு வந்து, நாற்காலியிலிருந்து உருண்டு விழுந்து, "டாக்டர், இது நடிப்பில்ல, நிஜமாவே வலிக்குது" என்று அலறினேன். தாவணகெரேயிலிருந்து வந்த ஒரு இளம் டாக்டர் நம்பி, ஆம்புலன்ஸ் கூப்பிட மாடிப்படியில் இறங்கி ஓடினார். சென்டரே சிரித்தது. நாகராஜ் சார் என் தோளைத் தட்டி, "இதை வெச்சுக்கோ பாஸ்கர், பதறுறவங்களுக்கு மார்க் கட்" என்றார். அன்றிலிருந்து தினமும், எந்த நோயாக இருந்தாலும், மூன்றாவது நிமிடத்தில் அந்த வசனத்தைச் சொல்லிவிடுவேன். டாக்டர்களும் பழகிவிட்டார்கள். நான் உருள ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

கடைசி மாதிரிப் பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை. மரகதம் மேடத்துக்குத் திங்கட்கிழமை ஃப்ளைட். எனக்கு அன்றைக்குக் கொடுத்த வேஷம் ஆனந்த் என்ற குமாஸ்தா. நெஞ்செரிச்சல், ஆபீஸ் டென்ஷன், கேட்டால் ஒழிய குடிப்பழக்கத்தைச் சொல்லக் கூடாது. எளிதான வேஷம்.

ஆனால் விடிந்ததிலிருந்தே தொப்புளைச் சுற்றி எனக்கு ஒரு வலி. இட்லித் தட்டைத் தள்ளிவிட்டேன். "லீவு போடுடா," என்றார் அம்மா. "ஷோ இருக்கும்மா," என்றேன். (ஷோவாம்.) பஸ்ஸில் ஜெயநகர் வருவதற்குள் வலி மெல்ல வலப்பக்கம் இறங்கிக்கொண்டது. நேற்றுத் தின்ற பரோட்டாவின் வேலை என்று முடிவு கட்டி, நல்லதாகப் போயிற்று, நடிப்பு இயல்பாக வரும் என்று கட்டிலில் படுத்தேன்.

முதல் டாக்டர் வந்தார், கையைத் தேய்த்தார், பெயர் சொன்னார், தொட்டார், மணி அடித்தது, போனார். இரண்டாமவர் என் நெற்றியைப் பார்த்து, போகிறபோது மெல்லக் கேட்டார்.

"வேர்வையெல்லாம் எப்படி சார் வர வைக்கிறீங்க?"

எனக்கு அந்த வலியிலும் பெருமை தாங்கவில்லை. மூன்றாமவர் வந்தபோது முடியவில்லை. "டாக்டர், இது நடிப்பில்ல," என்றேன், குரலே எழவில்லை. அவர் தாவணகெரேக்காரர். "தெரியும் சார், தெரியும்," என்று அன்பாகச் சிரித்து, குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டார். நானும், கேள்வி கேட்டுவிட்டாரே என்று, வாரத்துக்கு மூன்று நாள் என்று பதில் சொன்னேன். நான்காமவர், "இன்னிக்கு ரொம்ப அடக்கி நடிக்கிறீங்க, சூப்பர்" என்று பாராட்டிவிட்டுப் போனார். சரி, இன்னும் இரண்டு பேர்தானே, முடித்துவிட்டு ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்தேன்.

ஐந்தாவதாக மரகதம் மேடம் வந்தார்.

வந்தவர் பேசவில்லை. அறிமுகம் இல்லை. கதவருகிலேயே நின்று என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை, நான் படுத்திருந்த விதத்தை. வலது முழங்காலை மடித்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நான் கிடந்தேன். அரை நிமிடம் அப்படியே வீணாகப் போனது. நான் மார்க் தாளில் பூஜ்யம் போட்டேன்.

பிறகு பக்கத்தில் வந்து தமிழில் கேட்டார்.

"தம்பி, எதுல வந்தீங்க?"

"மேடம், இங்கிலீஷ்," என்று பல்லிடுக்கில் ஞாபகப்படுத்தினேன்.

"பஸ்ஸா, ஆட்டோவா?"

"பஸ்."

"ரோட் ஹம்ப் ஏறி இறங்குறப்ப வலிச்சுதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் ஒவ்வொரு ஹம்ப்பிலும் நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வயிற்றை இறுக்கிக்கொண்டு வந்திருந்தேன். யாருக்கும் தெரியாத விஷயம். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்குக்கூடத் தெரியாது. இந்த அம்மாள் கதவருகில் நின்றபடியே அதைப் பார்த்துவிட்டாரே என்று ஒரு பயம் கலந்த மரியாதை முதுகில் ஓடியது. ஸ்கிரிப்டில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால், முதல்முறையாக ஆனந்த் வாயை மூடிக்கொண்டான்.

"வலிச்சுது மேடம்," என்றேன் நான், பாஸ்கர்.

மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது உங்களிடம் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். குடல் கிழிகிற வலியில் கிடந்த எனக்கு அந்த மணிச் சத்தம் கேட்டதும் பழைய அதிகாரம் திரும்ப வந்துவிட்டது. "மேடம், மணி அடிச்சாச்சு. எழுந்திருங்க. ஃபெயில் ஆயிடுவீங்க," என்று சொல்லி, படுத்தபடியே சிவப்புப் பேனாவால் தாளில் எழுதவும் செய்தேன். எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நாகராஜ் சார் எட்டிப் பார்த்தார். "மேடம், பெல் ஆய்த்து. நெக்ஸ்ட் ரூம்."

"ஸ்வல்ப இருங்க சார்," என்று திரும்பாமலே கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மேடம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். மற்றவர்கள் அதை ஒரு மார்க்குக்காகச் செய்தார்கள். பரீட்சையையே கோட்டைவிட்டுக்கொண்டிருந்த நேரத்திலும் இவர் கை தானாகத் தேய்த்துக்கொண்டது. வலப்பக்க அடிவயிற்றில் மெல்ல அழுத்தினார். பரவாயில்லை என்று நினைத்தேன். சட்டென்று கையை எடுத்தார்.

நான் போட்ட கத்தலுக்குக் கீழே பேக்கரியில் வியாபாரம் நின்றதாகப் பிறகு சொன்னார்கள். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, தடுப்புகளுக்கு அந்தப் பக்கமிருந்து ஐந்து டாக்டர்களும் சேர்ந்து கை தட்டியதுதான்.

"யாரும் கை தட்டாதீங்க," என்றார் மேடம், குரலை உயர்த்தாமல். "சார், ஆட்டோ கூப்பிடுங்க. அப்பெண்டிக்ஸ். வெடிக்கப் போகுது."

கைதட்டல் நின்றது. அந்த ஐந்து பேரும்தான் என்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்கள். தாவணகெரேக்காரர் என் காலைப் பிடித்திருந்தார், கண் கலங்கியிருந்தது. ஆட்டோவில் மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஹம்ப் வருவதற்கு முன்பும் "நிதானக்கே ஹோகப்பா" என்று டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னார். நடுவில் என்னிடம் சொன்னார்.

"எங்க கிளினிக்குக்கு வர்றவங்களுக்கெல்லாம் ஸ்கேன் கீன்லாம் கெடையாது தம்பி. ஓசூர் ரோடுதான் எங்க ஸ்கேன். அதுல ஆட்டோ குலுங்குறப்ப எவன் வயித்தைப் புடிக்கிறானோ அவனை முதல்ல பாப்பேன்."

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், "கேஸ் ட்ரபிளாக இருக்கும், இன்ஜெக்‌ஷன் போட்டுப் பார்ப்போம்" என்றார். மேடம் கன்னடத்தில் இரண்டே வாக்கியம் பேசினார். கால் மணி நேரத்தில் என்னை உள்ளே தள்ளினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்று ஆபரேஷன் செய்தவர் அம்மாவிடம் சொன்னாராம். நாடகத்தில் அத்தனை தடவை செத்தவன், நிஜத்தில் சாகப் போவது தெரியாமல் மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் மேடம் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு மடித்த தாள்.

"இது உங்க சட்டைப் பையில இருந்துச்சாம். நர்ஸ் குடுத்தாங்க," என்று பிரித்து வாசித்தார். "அறிமுகம், பூஜ்யம். குடிப்பழக்கம் கேக்கல, பூஜ்யம். தமிழில் பேசினார், பூஜ்யம். மணிக்கு அப்புறமும் போகல. ஃபெயில்." கடைசி எழுத்து கோணிக்கொண்டு தாளின் ஓரம் வரை போயிருந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மேடம் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. எனக்குத் தையல் வலியில் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

"கிழிச்சுப் போட்டுடுங்க மேடம். காலைத் தொட்டுக் கேக்கறேன்."

"எதுக்குக் கிழிக்கணும்? நான் எடுத்துட்டுப் போறேன்."

"அங்கயாவது மணி அடிச்சா எழுந்திருங்க மேடம்," என்றேன். இந்த முறை அதிகாரத்தில் இல்லை. என்னை விட்டுவிட்டு எழுந்து போகாத அவரை அங்கே தோற்கடித்துவிடக் கூடாதே என்ற பயத்தில்.

"இனிமே எழுந்துடுவேன் தம்பி. இத்தனை நாளா எது நடிப்பு, எது நிஜம்னு சந்தேகமாவே இருக்கும். எழுந்து போக மனசு வராது. நேத்து உங்களைப் பாத்ததும் தெளிஞ்சு போச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரொம்ப சுமாரான நடிகர். தினமும் உருளுவீங்க, கத்துவீங்க. நிஜமா வயிறு கெட்டவன் அசைய மாட்டான். நேத்து நீங்க சத்தமில்லாம கெடந்தீங்க பாருங்க, அதான் வாசல்லயே நின்னுட்டேன்."

இரண்டு மாதம் ஊர் முழுக்க என் நடிப்பைப் பாராட்டிய அத்தனை டாக்டர்களுக்கும் தெரியாத ஒன்று அந்தப் பொம்மனஹள்ளி அம்மாளுக்குக் கதவருகிலேயே தெரிந்திருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அவரைப் போய் ஒரு பி.காம்.காரன் ஃபெயில் போட்டான்.

மேடம் பாஸ் செய்தார். ஒவ்வொரு அறையிலும் மணி அடித்ததும் எழுந்துவிட்டாராம். இப்போது இங்கிலாந்தில் அவர் நோயாளிகளைப் பார்க்கும் அறையில், சர்டிஃபிகேட்டுகளுக்கு நடுவே, என் சிவப்பு ஃபெயில் தாள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. "டாக்டரம்மாவுக்கு எத்தனை வேலை, நீங்க வேற" என்று, நான் மேடத்துக்குப் போன் போடும்போதெல்லாம் என் மனைவி வெட்கப்படுவாள். அவளுக்கு மேடம் சொல்லிக்கொடுத்த வைத்தியம் ஒன்றுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சட்டம். நான் முதுகு பிடித்துக்கொண்டது, பல் வலிக்கிறது என்று கட்டிலில் புரண்டு கத்தினால், சமையலறையிலிருந்து அவள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். மகளிடம் சொல்வாள்.

"அப்பா கத்துறாரா? அப்ப ஒண்ணுமில்ல. சத்தம் நின்னா சொல்லு, ஆட்டோ கூப்பிடலாம்."

அதனால் எந்த வலி வந்தாலும் நான் இன்றுவரை சத்தமாகவே அனுபவித்து வருகிறேன்.