நிற்காத மோட்டர்

ராஜலிங்கம் மாநகரசபையில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க். வீட்டில் பல்ப் மாற்றவே ஆள் கூப்பிடுகிறவர். அவர்தான் அந்தச் சனிக்கிழமை காலை, கெலிஓயா வீட்டின் பின்பக்கம் நின்று, "இந்த மோட்டருக்கு நானே புது வயர் போடுவேன்!" என்று அறிவித்தார்.

அது படகு மோட்டர். மடவளையிலிருக்கும் நண்பர் ஹுஸைனுடையது. சாவி போட்டால் கிளம்புகிற பழைய ரகம். இப்போது சாவி மட்டும்தான் திரும்பியது. "படகுல நானும் பொஞ்சாதியும் போக மிச்சம் ஒரு எடம் ஈக்கி. இத ஓட வெச்சா ஞாயித்துக்கெழம அந்த எடம் ஒங்களுக்குத்தான்" என்றிருந்தார் ஹுஸைன்.

நீர்த்தேக்கத்தின் நடுவில் ஒரு முழு ஞாயிறு! மனைவி ஞானேஸ்வரியின் குரல் எட்டாத ஒரே இடம்!

"ஏங்க, எந்த வயரு எங்க இருந்துச்சுனு எழுதி வச்சிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் ஞானேஸ்வரி.

"எல்லாம் மூளையில இருக்கு."

"அப்ப பத்திரமாத்தான் இருக்கும். அங்க யாரும் போய்த் தேடமாட்டாங்க."

பகலுக்குள் பதினான்கு வயர்கள் பேப்பர் மேல் கிடந்தன. எண்ணெய் அழுக்கில் பதினான்கும் ஒரே கறுப்பு. ராஜலிங்கம் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, புது வயர்களைத் தோன்றிய இடத்தில் மாட்டினார். மோட்டரைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கிப் பட்டரி இணைப்பைக் கொடுத்தார். சாவியைத் தொடவே இல்லை. மோட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியா!"

"பாத்தேன். இப்ப நிப்பாட்டுங்க."

சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை. பட்டரியைக் கழற்றினார். அப்போதும் நிற்கவில்லை. பீப்பாய்த் தண்ணீர் முக்கால்வாசி அவர் தலையில். ஞானேஸ்வரி வந்து பெட்ரோல் குழாயைப் பிடுங்கினாள். மோட்டர் இருமி இருமி அடங்கியது.

"வயரை விட்டுட்டு வயித்தைக் கவனிங்க. சோறு ஆறுது."

சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தார். எழுந்து வந்தபோது நாலு மணி. ஞானேஸ்வரி சாவியைத் திருப்பினாள், ஓடியது. மறுபடி திருப்பினாள், நின்றது.

"எப்பிடிடி?"

"நீங்க கழட்ட முந்தியே போன்ல படம் எடுத்தேன். அதப் பாத்து மாட்டுனேன்."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலயே."

"ஹுஸைன்கிட்ட மூச்சு விட்றாத, தாயே!"

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

சொன்னபடி அவள் வாயே திறக்கவில்லை. மாலையில் வந்த ஹுஸைன், மோட்டர் ஓடுவதையும் நிற்பதையும் பார்த்துப் பூரித்துப்போனார். "எதுல லிங்கம் பிழை இருந்திச்சி?"

"இந்த... பச்சை வயருலதான்."

"இதுல பச்சையே இல்லியே?"

ஹுஸைன் ராஜலிங்கத்தின் விரல்களைப் பார்த்தார். குளித்துப் பவுடர் பூசிய விரல்கள். தேத்தண்ணி நீட்டிய ஞானேஸ்வரியின் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை கிரீஸ்.

"கோவிச்சிக்காதீங்க லிங்கம். நடுத்தண்ணில மோட்டர் நிண்டா, பாக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமே" என்றார்.

மறுநாள் படகு கிளம்பியது. முன்னால் ஹுஸைனும் மனைவியும். பின்னால், மோட்டரோடு, ஞானேஸ்வரி. அவள் குரல் தண்ணீரைத் தாண்டி, கரையில் நின்ற ராஜலிங்கத்துக்குத் தெளிவாக வந்தது:

"ஏங்க! நாங்க வர மூணு மணியாகும். சோத்துப் பார்சலக் காக்கா கொத்தாமப் பாத்துக்கங்க!"