எழுபத்துநான்கு டிகிரியும் ஒரு சைவ அத்தானும்

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்பது முறை. ஆனால் நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்பதைச் சென்ற செவ்வாய்க்கிழமை என் கண்ணாலேயே பார்த்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

அன்று நான் வீட்டில் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். மதிய இடைவேளையில் அச்சகத்திலிருந்து சிவப்புப் பேனா வாங்க இறங்கி வந்தேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற சாப்பாட்டுக் கடையின் ஜன்னலோர மேஜையில் நீங்கள். கையில் கோழிக்கால். ஒரு கையில் இல்லை, இரண்டு கையிலும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டதால் நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அப்பா, "இன்னிக்கு என்னம்மா விசேஷம்?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் அனுப்பினால் அக்கா படித்துவிடுவாள் என்றுதான் உங்கள் கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபமும் கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்னால் அப்பா பார்பிக்யூ அடுப்பில் சுட்டுக் கொடுத்த அந்தக் கோழி வெளியே கரிக்கட்டை, உள்ளே வேகாமல் ரோஜாப்பூ. அப்பா உங்கள் தலைமேலேயே நின்றுகொண்டு "எப்படி மாப்பிள்ளை?" என்று கேட்டார். நீங்கள் "பிரமாதம் மாமா" என்று விழுங்கினீர்கள். அதற்கப்புறம் மூன்று நாள் படுக்கை. அடுத்த தடவை அம்மா தட்டோடு வந்தபோது, "நான் சைவத்துக்கு மாறிட்டேன் அத்தை" என்று சொன்னீர்களே, அந்த நிமிஷம் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்பா "நல்லது, நல்லது, உடம்புக்கு நல்லது" என்றார். அன்றைக்கே அடுப்பைத் துடைத்து, மழைக்கோட்டைப் போர்த்தி மூலையில் தள்ளிவிட்டார். ஓய்வு பெற்றபிறகு அந்த மனிதருக்கு இருந்த ஒரே விளையாட்டு அது.

அப்படியே போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. போன மாதம் ஒரு நாள் காலையில் திடீரென்று கேட்டார்: "ஏம்மா, கறிக்குள்ள எவ்வளவு சூடுன்னு பாக்க தெர்மாமீட்டர் வந்திருக்காமே? வயர்கூட இல்லாம?" முப்பது வருஷம் லிஃப்ட் மோட்டாரைப் புறங்கையால் தொட்டே சூடு சொன்னவர் இதைக் கேட்கிறார். சைவ மாப்பிள்ளை வந்துபோகிற வீட்டில் யாருக்காக என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பிரஷர் குக்கர் விலையைத் தாண்டக் கூடாது.

அத்தான், நான் வாழ்க்கையில் எத்தனையோ தடித்தடிப் புத்தகம் படித்திருக்கிறேன். தெர்மாமீட்டர் வாங்கியவர்கள் எழுதும் விமர்சனம் மாதிரி உணர்ச்சிகரமான இலக்கியத்தைப் படித்ததில்லை. ஒருவர் இது தன் குடும்பத்தைச் சேர்த்துவைத்தது என்கிறார். அதே சாதனத்தை இன்னொருவர் வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று ஒற்றை நட்சத்திரத்தோடு சாபம் விடுகிறார். கறியில் குத்தி வைக்கிற ஊசி நான்கு உள்ள ஒன்றைக் காட்டினேன். "நாலு கோழிக்கு ஒரே நேரத்துல ஜுரம் பாக்க நாம என்ன ஆஸ்பத்திரியா நடத்தறோம்?" என்றார் அப்பா. விலை மலிவானவை எல்லாம் போனில்தான் டிகிரியைக் காட்டும். அப்பாவுடையது பட்டன் போன். கடைசியில் ஒரே ஊசியும் தனியாக ஒரு சின்னத் திரைப்பெட்டியும் உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். நூறு மீட்டர் வரை எட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜைத் தாண்டவில்லை.

வந்த அன்றைக்கே கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்தார், தொண்ணூற்றொன்பது காட்டியது. "பரவால்ல, நேர்மையான பய" என்றார். அப்புறம் டீ, குளிக்கிற தண்ணீர், கடைசியில் தன் அக்குள். "முப்பத்தாறு. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

முதல் ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுத் தபால்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆனால் திரைப்பெட்டியை அப்பா தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டாராம். "சமைக்கிறவன் பெட்டியைப் பாத்துக்கிட்டு நின்னா, பாக்குறவன் என்ன நினைப்பான்?" அதனால் பெட்டியோடு நான் சமையலறை வாசலில், அம்மா நடுவில் துவைக்கிற கல் பக்கம், அப்பா கொல்லையில் அடுப்புக்குப் பக்கத்தில் விரலால் கோழியை அழுத்தி யோசிக்கிற மாதிரி. நான் எண்ணைச் சொல்ல, அம்மா போய் அப்பா காதில் சொல்ல வேண்டும். கோழிக்கு எழுபத்துநான்கு வர வேண்டும் என்று மூன்று பேருக்கும் பாடம். நான் "ஐம்பத்தெட்டு" என்றேன். அம்மா "அறுபத்தஞ்சுங்க" என்றாள். நான் "அறுபத்திரண்டு" என்றேன். அம்மா போய், "எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு, எடுத்துடுங்க" என்றாள். நான் ஓடிப்போய் தபால்காரரின் தட்டைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணே?" என்றால், "வெயில்ல எவ்வளவு நேரம்டி நிப்பார்? கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?" என்கிறாள். தையல்காரி இல்லையா, எதற்கும் இரண்டு அங்குலம் கூட விட்டு வெட்டுகிற கை. என் கணக்கு மார்க்கைக்கூட ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். வயர் இல்லாத தெர்மாமீட்டருக்கு நாங்களாக ஒரு வயர் போட்டோம், அத்தான், அது அம்மா.

இரண்டாவது ஞாயிறு அப்பா வீம்பை விட்டார். பெட்டி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. எழுபத்துநான்கு வந்ததும் அது கத்திய கத்தலில் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டார். கோழியை அறுத்தால் எலும்பு வரைக்கும் வெள்ளை, சாறு தெளிவாக ஓடுகிறது. நானும் அம்மாவும் வெட்கமில்லாமல் சாப்பிட்டோம். அப்பா ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு ஒரு..." என்று ஆரம்பித்தவர், மீதியைச் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். வருகிற ஞாயிறு அக்காவோடு வாருங்கள். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்துவிட்டது, டாக்டர் கறி சாப்பிடச் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். அம்மா நம்புவாள், இன்னும் கொஞ்சம் கூட்டியும் சொல்வாள். சாப்பாட்டுக் கடை விஷயம் என்னோடு இருக்கும். அப்பாவுக்கு மட்டும் நீங்கள் சைவமானது பொய் என்று தெரியவே கூடாது. தெரிந்தால் அந்த அடுப்பை இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்.

அக்காவை முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள். குட்டிப்பெண்ணுக்கு என் முத்தம். உங்கள் வயிறும் கடையும் என்றும் சௌக்கியமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மச்சினி

பி.கு.: உறை மேல் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றுவிட்டார். "மாப்பிள்ளைக்கா? கறி சாப்பிடச் சொல்லியா?" என்றார். நான் உறையைக் கவிழ்த்து வைத்தேன். "அவர் சைவம் இல்லைம்மா. சொன்னப்பவே தெரியும். லிஃப்ட்ல நடு மாடியில மாட்டிக்கிட்டவங்க கதவு திறந்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, அந்தச் சிரிப்பு." "அப்ப ஏம்பா கேக்கல?" "கேட்டா இன்னொரு பொய் சொல்லணும் அவர். என்னோட கோழிக்காக ஒரு மனுஷன் எத்தனை பொய் சொல்வார்? அதான் தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னேன்."

ஆகவே இரும்புச்சத்தெல்லாம் வேண்டாம், சும்மா வாருங்கள். அப்பா கரி வாங்கக் கிளம்பிவிட்டார். போகிற வழியில் தபால் பெட்டியில் போடுவதற்காக, இந்தக் கடிதத்துக்குக் காத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.