இரண்டாம் தட்டில் ஓர் அரளி அந்து

டென்சில் பென்ரோஸுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசைப்படி:

முதலாவது: குளிர்பெட்டியில் டப்பாவுக்குள் அவர் அடைத்து வைத்த அபூர்வ அந்துப்பூச்சியை, "பாவம், நடுங்குது" என்று மனைவி தாம்சின் பறக்கவிட்டாள். பூச்சிச் சங்கத்தின் பதிவாளர் பார்க்காத பூச்சி மாவட்டப் பட்டியலில் ஏறாது. இரண்டாவது: இரவில் பூச்சி பிடிக்கும் விளக்குப் பொறிக்குள் அவை ஒண்டிக்கொள்ள வைத்திருந்த முட்டை அட்டைகளை முட்டைக்காரியிடமே திருப்பிக் கொடுத்தாள், பூச்சிகளோடு. மூன்றாவது: பூச்சிகளை மயக்க அவர் காய்ச்சிய ரம் கலந்த வெல்லப்பாகைக் கேக்கில் ஊற்றினாள். மதுவையே தொடாத போதகர் மூன்று துண்டு தின்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்கத்தில் முப்பது வருடம் தொழிற்சங்கக் கொடி பிடித்தவர் டென்சில். முதலாளிகளை இறங்கி வர வைத்தவர். வீட்டில் மட்டும் அவருடைய ஒரு தீர்மானமும் நிறைவேறியதில்லை.

அந்தச் செப்டம்பரில் தெற்குக் காற்று அடித்தது. விடிந்ததும் பொறியைத் திறந்தார். பச்சைப் பளிங்கில் இளஞ்சிவப்புக் கோடிழுத்ததுபோல, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அரளி அந்து! நம்மூரில் அரளிப் புதரில் கேட்பாரற்றுக் கிடக்கும். அங்கே அது கடல் தாண்டி வந்த மகாராணி. அந்த ஊருக்கு அதுவே முதல் வருகை. பட்டியலில் தன் பெயர் ஏறும்!

பூச்சிச் சங்கத்தின் கூட்டம் மறுநாள் மாலை. அதுவரை தாம்சினிடமிருந்து காப்பாற்ற வேண்டும். டப்பாவில் போட்டு, "தூண்டில் புழு. தொடாதே. டென்சில் பென்ரோஸ்" என்று எழுதி ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்தார்.

"என்னப்பா, தூண்டில் புழுவா? நீ மீன் பிடிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சே!" என்றாள் தாம்சின்.

"நாளைக்குப் போறேன்."

"நாளைக்குக் கூட்டமாச்சே?"

"கூட்டம் முடிஞ்சு."

"இருட்டுலயா? சரி சரி. மஃப்ளர் கட்டிக்க, இருமல் வந்துரும்."

இவ்வளவு எளிதாக ஏமாந்தாளே என்று அவருக்கே பாவமாக இருந்தது.

மறுநாள், தேவாலயக் கூடத்தில் பதினெட்டுப் பேர் முன்னால் டப்பாவைத் திறந்தார். உள்ளே நெளிந்தவை நிஜப் புழுக்கள்.

"மீன் பிடிக்கப் போறேன்னியே, நான்தான் காலையில தோண்டிப் போட்டேன்" என்று காதோரம் சொன்னாள், கூட வந்திருந்த தாம்சின்.

"என் அந்து?"

"அதுக்குக் குளிர் தாங்காதுப்பா. பதிவாளரம்மாவைக் கூப்பிட்டேன். படம் எடுத்தாங்க. அப்புறம் தோட்டத்துல விட்டோம்."

"என் பேரைச் சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? 'புழுன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரே, அவர் பேரை எப்படி எழுதறது'ன்னு கேட்டுட்டாங்க."

போட்ட கையெழுத்துக்குக் கட்டுப்படுவது அவர் வாழ்நாள் கொள்கை. டப்பாவை மூடினார். தாம்சின் அவர் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளே கதகதப்பாகத்தான் இருந்தது.

பதிவாளரம்மா எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்து, எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்:

"அரளி அந்து, ஒன்று. கண்ட இடம்: சமையலறைக் குளிர்பெட்டி, இரண்டாம் தட்டு, வெண்ணெய்க்குப் பக்கத்தில். கண்டவர்: தாம்சின் பென்ரோஸ்."